வெளியில் கிடக்கும் தேக்கு பெஞ்சுக்கு எண்ணெய் வேண்டுமா?

தச்சன்மகன்: நேற்று தோட்டத் திரியில் ஒருவர், "மொட்டை மாடியில் போட்ட தேக்கு பெஞ்சுக்கு மாதாமாதம் எண்ணெய் தடவாவிட்டால் இரண்டே வருடத்தில் உளுத்துப் போகும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆளாளுக்கு நன்றி வேறு. படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. வைரம் பாய்ந்த தேக்குக்குள் அதன் சொந்த எண்ணெயே இருக்கிறது, கறையான் ஒதுங்கிப் போவதே அதனால்தான். வெளியில் கிடந்தால் சாம்பல் நிறமாகும். வெயில் மேல்தோலை அரிக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, உள்ளே மரம் அப்படியே இருக்கிறது. எண்ணெய் வேண்டாம்.

மாடித்தோட்டம்: அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். என் பெஞ்ச் ஆறு வருடமாகத் தேன் நிறத்தில் இருக்கிறது. தேக்கு எண்ணெய் என்று டப்பாவில் எழுதித்தானே விற்கிறார்கள், விற்பவனுக்குத் தெரியாததா?

தச்சன்மகன்: அது தேக்கிலிருந்து எடுத்த எண்ணெயே இல்லை சார். பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயில் தின்னரும் வார்னிஷும் கலந்தது. வெளியில் அதைத் தடவினால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். இன்னொன்று, துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

மாடித்தோட்டம்: ஆறு வருடம் சார். புள்ளி இல்லை.

காரைக்குடிக்காரி: எங்கள் வீட்டுத் தூண்கள் பர்மா தேக்கு, தாத்தா காலத்தில் கப்பலில் வந்தவை. பண்டிகைக்குப் பண்டிகை தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் துடைப்போம், கண்ணாடி மாதிரி மின்னும். எண்ணெயே வேண்டாம் என்றால் அந்தப் பெரியவர்கள் எல்லாம் முட்டாள்களா?

தச்சன்மகன்: அம்மா, தூண் கூரைக்குக் கீழே நிற்கிறது, நான் பேசுவது மழையில் நனைகிற பெஞ்சைப் பற்றி. அதோடு தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். தூணின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள், பிசுபிசுப்பும் தூசியும் ஒட்டும்.

காரைக்குடிக்காரி: என் வீட்டுத் தூணில் விரல் வைக்கச் சொல்ல நீங்கள் யார்? பர்மா தேக்கைத் தொட்டாவது பார்த்திருக்கிறீர்களா?

நிலம்பூரான்: பர்மா பர்மா என்று எத்தனை நாளைக்கு? கேரளத்தில் எங்கள் நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் மரம் எதில் குறைந்தது?

காரைக்குடிக்காரி: நட்டு வளர்த்ததும் காட்டில் நின்றதும் ஒன்றா?

தச்சன்மகன்: ஊர்ச் சண்டையை வேறு திரியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் மரமானாலும் வைரம் பாயாத வெள்ளைப் பகுதி, அதாவது பட்டையை ஒட்டிய வெளி மரம், இருந்தால் பூச்சி விழும். வாங்கும்போது பெஞ்சைக் கவிழ்த்துப் பாருங்கள், சாயத்தைப் பூசி வெள்ளையை மறைத்திருப்பார்கள். அப்பாவோடு பட்டறையில் இருந்த நாளில் வந்த பழுது வேலையில் பாதி இந்த வெள்ளையால்தான். அப்புறம், கால் எப்போதும் அடியிலிருந்துதான் அழுகும், ரேகைக்குக் குறுக்கே அறுத்த வெட்டு முகம் தண்ணீரை உறிஞ்சும். காலுக்கு ரப்பர் குமிழ் போட்டு, தண்ணீர் தேங்காத இடத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தால் போதும். எண்ணெய் வேண்டாம்.

மாடித்தோட்டம்: கால், குமிழ், பிரஷ் எல்லாம் சரி. போன வருடம் இதே தச்சன்மகன் சொன்னாரே என்று ரப்பர் மரக் கட்டில் வாங்கினேன். ஆறே மாதத்தில் காலடியில் மாவு கொட்டியது. யாருக்காவது நினைவிருக்கிறதா?

தச்சன்மகன்: மருந்து ஏற்றிய ரப்பர் மரம் என்று சொன்னேன். போராக்ஸ் கரைசலில் ஊறியதா என்று கேட்டு வாங்குங்கள் என்றும் எழுதியிருந்தேன். விலை மலிவு என்று பார்த்து வாங்கிவிட்டு என்மேல் பழி போடாதீர்கள்.

மாடித்தோட்டம்: மலிவா? ரசீது போடட்டுமா?

நிலம்பூரான்: போடுங்கள். நிலம்பூர் தேக்கு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தச்சன்மகன்: ரசீதையும் போடுங்கள், பெஞ்சின் அடிப்பக்கப் படத்தையும் போடுங்கள். மேல்பக்கம் வேண்டாம், அது மின்னும் என்று எனக்கே தெரியும்.

மாடித்தோட்டம்: ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். அன்றைக்குத்தான் எண்ணெய் தடவும் நாள்.