எப்சிலான் - டெல்டா: தமிழ்ல சொல்லித்தர யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி பி.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு படிக்கிறா. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. வகையிடல், தொகையிடல்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடுவா. ரியல் அனாலிசிஸ்லதான் (எப்சிலான், டெல்டான்னு சின்னச் சின்ன அளவுகளை வச்சு எல்லையைக் கறாரா நிரூபிக்கிற பாடம்) மாட்டிக்கிட்டு முழிக்கிறா.

1, 1/2, 1/3, 1/4... இந்தத் தொடர்முறையோட எல்லை 0-ன்னு தெரியுது. நிரூபின்னா பேனா நகர மாட்டேங்குது. எப்சிலான், அதாவது எல்லைக்கு எவ்வளவு கிட்ட வரணும்ங்கிற அளவு, 0.01-னா 100-வது உறுப்பைத் தாண்டினா போதும், 0.001-னா 1000-வது. இதுவரைக்கும் நானே சொல்லிக் கொடுத்துட்டேன். "எந்த எப்சிலான் கொடுத்தாலும்"னு பொதுவா எழுதறப்பதான் சிக்கல். உறுப்பை முதல்ல முடிவு பண்ணிட்டு, அப்புறம் எப்சிலானைத் தேடறா. எது முதல்ல, எது அதைப் பொறுத்து வருதுங்கிறதுதான் பிடிபடல. கணக்கு அறிவெல்லாம் தாராளமா இருக்கு (அக்கா சொல்றேன்னு நினைக்காதீங்க!).

என்பிடெல் (ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துற இலவச ஆன்லைன் பாடம்) வீடியோ போட்டுக் காட்டினேன். ஆங்கில வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியல. நிரூபணம் எழுதற முறையைத் தமிழ்ல நிதானமா விளக்குற வீடியோவோ, கைப்பட எழுதின நோட்ஸோ இருந்தா சொல்லுங்க. கைடு வேண்டாம், மனப்பாடம் பண்ணிடுவா. வார இறுதியில ஆன்லைன்ல எடுக்கறவங்க இருந்தாலும் சரி, ஃபீஸ் கொடுத்துடறோம். செமஸ்டருக்கு இன்னும் நேரம் இருக்கு.