மாலையானால் திணறும் நாஸ்: இரண்டாவது போர்ட்டை எப்படிப் பயன்படுத்துவது?

வணக்கம். எங்கள் வீடியோ எடிட்டிங் கூடத்தில் நான்கு கணினிகள், ஒரு நாஸ் (எல்லாக் கணினிகளும் பிணையம் வழியே பகிரும் சேமிப்பகம்), எட்டு கண்காணிப்புக் கேமராக்கள் எல்லாம் ஒரே 1 கிகாபிட் சுவிட்சில் இருக்கின்றன. பகலில் ஒரு கணினிக்கு நொடிக்கு 110 மெகாபைட் வரை கிடைக்கிறது. அந்த இணைப்புக்கு ஏறத்தாழ அதுதான் உச்சம், குறை சொல்ல மாட்டேன். மாலையில் நாஸிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் காப்புப்பிரதி ஓடத் தொடங்கியதும் வேகம் 30க்கு இறங்கிவிடுகிறது. டைம்லைன் திக்கித் திக்கி நகர்கிறது. வட்டுகளுக்கு அப்போதும் பெரிய வேலையில்லை. நாஸின் போர்ட்தான் முழுவதும் நிரம்பியிருக்கிறது.

கடைக்காரர் கேமராக்களைக் குற்றம் சாட்டுகிறார். ஒவ்வொன்றும் 4 மெகாபிட்தான். எட்டும் சேர்ந்தால் 32. 1 கிகாபிட் என்னும் ஆயிரம் மெகாபிட்டில் அது எம்மாத்திரம்? விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனிப் பிணையங்கள்) பிரிக்கலாம் என்கிறார்கள். ஒரே கம்பியில் போகும்வரை பெயர்ப்பலகை மாறுமே தவிரப் பாதை அகலாது.

நாஸில் இரண்டாவது போர்ட் சும்மா கிடக்கிறது. அதைக் காப்புப்பிரதிப் பெட்டியுடன் நேரடியாக இணைத்துத் தனி ஐபி முகவரி வரிசை கொடுப்பதா, இரண்டு போர்ட்டையும் ஒன்றாகக் கட்டுவதா? கட்டினாலும் ஒரு கோப்புப் பரிமாற்றம் ஒரே கம்பியில்தான் போகும் என்பதால் தயங்குகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். 10 கிகாபிட்டுக்கு இப்போது பணமில்லை.