மான்ட்கமரி கவுன்ட்டி கவுன்சிலுக்கு நிக்கலாம்னு இருக்கேன், விலைவாசிய வெச்சு ஓட்டு கேட்டா எடுபடுமா?

கிளார்க்ஸ்பர்க்வாசி:

வணக்கம் மக்களே. மேரிலாந்து மான்ட்கமரி கவுன்ட்டில கிளார்க்ஸ்பர்க் பக்கம் இருக்கோம், டிஸ்ட்ரிக்ட் 2. வர்ற டெமாக்ராட்டிக் ப்ரைமரில (கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற முதல் கட்டத் தேர்தல்) கவுன்ட்டி கவுன்சிலுக்கு நின்னா என்னன்னு கொஞ்ச நாளாவே மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. வீட்டுல இன்னும் முழு சம்மதம் கிடைக்கல, அது வேற கதை. காரணம் ஒண்ணே ஒண்ணுதான், இங்க சாதாரண சம்பளக்காரனால குடியிருக்க முடியல. என் பையனோட டீச்சர் தூரத்துல ஹேகர்ஸ்டவுன்ல இருந்து 270 ஹைவேல தினமும் வண்டி ஓட்டிட்டு வர்றாங்க, எங்க தமிழ்ப் பள்ளில வருஷா வருஷம் யாராவது “ஃப்ரெடரிக்ல வீடு பாத்துட்டோம்”னு (பக்கத்து கவுன்ட்டி) சொல்லிட்டு கெளம்பிடறாங்க. அதனால எல்லாருக்கும் கட்டுப்படியாகுற கவுன்ட்டின்னு போர்டு அடிச்சு இறங்கலாம்னு ஐடியா.

ஆனா கவுன்சில்ல பதினோரு பேர்ல ஒருத்தனா உக்காந்து நெசமாவே என்னத்த மாத்த முடியும்? பெரிய பண முதலைங்ககிட்ட போகாம பிரச்சாரத்துக்குக் காசு புரட்ட முடியுமா? இன்னொண்ணு, என் மனைவி ஃபெடரல் வேலைல இருக்காங்க, நான் கான்ட்ராக்டர். அதுல ஏதாவது சிக்கல் வருமா?

ராக்வில்_ராஜி:

அண்ணா, 2022-ல ஒரு கேண்டிடேட்டுக்காக வீடு வீடா கதவு தட்டினவ நான், அதனால மனசுல பட்டத சொல்றேன். நீங்க சொல்ற போர்ட எல்லாருமேதான் நடுறாங்க. கதவத் திறக்கறவர் சொந்த வீட்டுக்காரர்னா ப்ராபர்ட்டி டாக்ஸ குறைப்பியான்னு கேப்பார், வாடகைக்காரர்னா வாடகையப் பத்தி கேப்பார், குழந்தை வெச்சிருக்கறவங்க டேகேர் பில்ல எடுத்துக் காட்டுவாங்க. மூணு பேருக்கும் ஒரே பதில் சொல்லிட்டு வந்தா மூணு பேரும் நம்ப மாட்டாங்க.

டாக்ஸ குறைப்பேன்னு மட்டும் தயவுசெஞ்சு வாய விடாதீங்க. கவுன்ட்டி பட்ஜெட்ல பாதிக்கிட்ட ஸ்கூலுக்கே போயிடுது, அத இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது, மாநிலச் சட்டம் ஒண்ணு கைய கட்டிப்போட்டிருக்கு. வீட்டோட மதிப்ப கணக்குப் பண்றதும் மாநிலம்தான், மூணு வருஷத்துக்கு ஒருக்கா. கவுன்சில் கைல இருக்கறது வரி ரேட் மட்டும். 2023-ல கவுன்ட்டி நிர்வாகத் தலைவரா (எக்ஸிக்யூட்டிவ்) இருந்த எல்ரிச் வீட்டு மதிப்புல நூறு டாலருக்கு 10 சென்ட் ஏத்தணும்னு கேட்டார், கவுன்சில் 4.7 சென்டுக்கு இறக்கினாங்க, அதுக்கே எவ்ளோ சண்டை. அதவிட ஹோம்ஸ்டெட் கிரெடிட்டுங்கற வரிச் சலுகைக்கு அப்ளை பண்ணியாச்சான்னு கதவுக்குக் கதவு கேளுங்க. அது இருந்தா வரி போடற மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறாது, ஒரு தடவ அப்ளை பண்ணா போதும், நம்மாளுங்க நிறைய பேர் பண்ணாமலேயே விட்டிருக்காங்க.

கவுன்சிலுக்கு நெஜ பவர் எங்கன்னா ஜோனிங்லதான், எந்த நிலத்துல எத்தன வீடு கட்டலாம்ங்கறதுல. அதுவும் எங்க ராக்வில், அப்புறம் கேதர்ஸ்பர்க், ரெண்டுக்கும் செல்லாது, எங்களுக்கு தனி சிட்டி ஜோனிங். உங்க கிளார்க்ஸ்பர்க், ஜெர்மன்டவுன் எல்லாம் நேரா கவுன்ட்டி கைலதான்.

காசு விஷயத்துக்குக் கவலையே வேணாம், பப்ளிக் ஃபைனான்சிங்னு ஒரு ஸ்கீம் 2014-ல சட்டமாச்சு, 2018 தேர்தல்ல முதல் தடவ ஓடுச்சு. அதுல சேர்ந்தா கம்பெனி காசு, பிஏசி (தேர்தலுக்குன்னு நிதி திரட்டற அமைப்பு) காசு தொடக்கூடாது. டிஸ்ட்ரிக்ட் சீட்டுன்னா கவுன்ட்டிக்குள்ள குடியிருக்கற 125 பேர்கிட்ட மொத்தம் 10,000 டாலர் சேக்கணும், அதுக்கப்புறம் ஒருத்தர் 50 டாலர் தந்தா கவுன்ட்டி 200 டாலர் போடும். வர்ஜீனியா ஃபேர்ஃபாக்ஸ்ல இருக்கற மச்சான் அனுப்பறது மேட்ச் ஆகாது 😀

சில்வர்ஸ்ப்ரிங்_வாடகை:

வாடகைக்காரங்கள மறந்துடாதீங்க ப்ரோ. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி எங்க பில்டிங்ல ரின்யூவல் லெட்டர பிரிக்கவே கை நடுங்கும். 2023-ல பாஸ் பண்ணின ரூல்படி விலைவாசி ஏறின சதவீதத்துக்கு மேல இன்னும் 3 சதவீதம் சேத்து, இல்லன்னா 6 சதவீதம், ரெண்டுல எது கம்மியோ அவ்ளோதான் ஏத்தலாம். கட்டி 23 வருஷம் ஆகாத பில்டிங்குக்கு இது கிடையாது. பில்டருங்க இதனாலதான் யாரும் இங்க கட்ட வர்றதில்லன்னு புலம்புறாங்க, வட்டி ஏறினதையும் சேத்து இது தலைலயே போடறாங்கன்னு எனக்கு தோணுது. ஆனா எனக்கு அந்த 6 சதவீதம் இல்லன்னா நானும் ஃப்ரெடரிக்தான்.

அப்புறம் எம்பிடியூ (குறைஞ்ச விலை வீட்டுத் திட்டம்) பத்தி கண்டிப்பா படிச்சு வைங்க, மேடைல யாராவது கேப்பாங்க. புதுசா கட்டற காலனில ஒரு பங்கு வீட்ட குறைஞ்ச விலைக்கு ஒதுக்கணும்னு 1974-லயே சட்டம் போட்ட கவுன்ட்டி இது, இப்ப குறைஞ்சது 12.5 சதவீதம். கூத்து என்னன்னா ஆரம்பத்துல அந்த விலைக் கட்டுப்பாடு வெறும் 5 வருஷம், அப்புறம் 10 வருஷம், 2005-லதான் விக்கற வீட்டுக்கு 30, வாடகை வீட்டுக்கு 99 வருஷம்னு மாத்தினாங்க. அதுக்குள்ள கட்டின வீடுங்க ஆயிரக்கணக்குல மார்க்கெட் விலைக்குப் போயிடுச்சு. அந்த ஓட்டைய அப்பவே அடைச்சிருந்தா இன்னைக்கு நீங்க நிக்கவே வேண்டியிருக்காது.

பெதஸ்டா_மாமா:

தம்பி, நல்ல எண்ணம்தான், ஆனா கட்டுப்படியாகணும்னு சொல்லிச் சொல்லியே தெருவ நாசம் பண்றாங்க. 2025 ஜூலைல கவுன்சில்ல 8-க்கு 3-ன்னு ஓட்டுப் போட்டு பெரிய ரோட்டோரம் தனி வீடு இருந்த இடத்துல டூப்ளெக்ஸ், டவுன்ஹவுஸ், சின்ன அபார்ட்மென்ட் எல்லாம் கட்டலாம்னு விட்டாச்சு. கட்டப்போற டவுன்ஹவுஸ் என்ன உங்க டீச்சரம்மா வாங்கற விலையிலயா இருக்கும்? ஸ்கூல் நெரிசல், பார்க்கிங், மழைத்தண்ணி போற வழி, இதெல்லாம் யார் பாக்கறது? வாழ்நாள் பூரா இஎம்ஐ கட்டினவன் பேச்சையும் கொஞ்சம் கேளுங்க.

ராக்வில்_ராஜி:

மாமா, அந்த டவுன்ஹவுஸ் விலை கம்மியா இருக்காதுங்கறது சரிதான், ஆனா அதே இடத்துல பழைய வீட்ட இடிச்சுட்டு அரண்மனை சைசுல ஒரே வீடு கட்டி விக்கறாங்களே, அதுக்கு யாரும் ஹியரிங்ல வந்து மைக் புடிக்கறதில்ல. கவுன்ட்டில மூணுல ஒரு பங்கு 1980-லேருந்து விவசாய ரிசர்வ், 93,000 ஏக்கர், அத தொடக்கூடாதுன்னு நானும் சொல்வேன், நீங்களும் சொல்வீங்க. அப்ப மிச்ச இடத்துலதானே கட்டியாகணும்?

கவுன்சில் காசு போட்டு உருப்படியா நடந்ததும் ஒண்ணு இருக்கு. 2021-ல ஒரு சுழல் நிதி (திரும்பி வர்ற காச அடுத்த பில்டிங்குக்குப் போடறது) ஆரம்பிச்சாங்க, கவுன்ட்டியோட ஹவுசிங் ஏஜென்சி அத வெச்சு ஷேடி க்ரோவ் மெட்ரோ பக்கத்துல 268 வீட்டுல ஒரு பில்டிங் எழுப்பிடுச்சு, ஒரு பகுதி குறைஞ்ச வாடகை, மிச்சம் மார்க்கெட் வாடகை. அண்ணா, “இந்த மாதிரி ஒண்ணு ஜெர்மன்டவுன்ல”ன்னு சொன்னீங்கன்னா அது ஒரு வாக்குறுதி. சும்மா கட்டுப்படியாகும்னா அது வாழ்த்துச் செய்தி.

ஒரே ஒரு டெஸ்ட் வெச்சுப் பாருங்க. உங்க எச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) வாட்ஸ்அப் குரூப்ல போய், நம்ம ஏரியால அபார்ட்மென்ட் வந்தா சம்மதமான்னு கேளுங்க. முதல்ல எதிர்க்கப் போறது நம்ம தமிழ் ஆளுங்கதான், வீட்டு விலை ஏறணும்னு எல்லாருக்கும் ஆசை, ஆனா பையன் படிச்சு முடிச்சு பக்கத்துலயே வீடு வாங்கணும்னும் ஆசை. அந்த குரூப்ல பதில் சொல்ல முடிஞ்சா மேடை ஏறுங்க.

ஹாட்ச்_ஆக்ட்_அனுபவசாலி:

மனைவி வேலை பத்தி யாரும் சொல்லலயே. ஹாட்ச் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு, அதுபடி ஃபெடரல் ஊழியர் கட்சி சார்பா நிக்கக்கூடாது, ஆனா இந்த கவுன்ட்டில சுயேச்சையா நிக்க தனி விலக்கு உண்டு. கணவர் நிக்கறதுக்குத் தடை இல்ல, கான்ட்ராக்டருக்கு இந்த சட்டமே கிடையாது (உங்க கம்பெனி பாலிசிய மட்டும் பாத்துக்கங்க). அவங்க ஆபீஸ் நேரத்துக்கு வெளிய, வேலைக்குத் தகுந்த மாதிரி, உதவி பண்ணலாம், ஆனா யார்கிட்டயும் நன்கொடை கேக்கவே கூடாது. பொங்கல் விருந்துக்குக் கூப்பிட்டு “அவருக்கு அம்பது டாலர் போடுங்க”ன்னாகூட தப்பு.

இன்னொண்ணு, எச்1பி விசால இருக்கறவங்ககிட்ட ஒரு பைசா வாங்காதீங்க, சட்டப்படி தடை. க்ரீன் கார்டுன்னா வாங்கலாம்.

கிளார்க்ஸ்பர்க்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராஜி சொன்ன டெஸ்ட நேத்து நைட்டே பண்ணிட்டேன், குரூப்ல பயங்கர சண்டை, ரெண்டு பேர் லெஃப்ட் 😅 ஆனா எதிர்பாக்காத சிலர் ப்ரைவேட்டா மெசேஜ் பண்ணி, வயசான அப்பா அம்மாவுக்குப் பக்கத்துலயே சின்ன அபார்ட்மென்ட் கிடைச்சா நல்லாருக்கும்னாங்க. அந்தப் பக்கமா போய்ப் பாக்கறேன். தமிழ் ஓட்டெல்லாம் எத்தனை இருக்கும், அதுல என்ன ஆகப்போகுதுன்னு மனைவி கேக்கறாங்க.

ராக்வில்_ராஜி:

எல்ரிச் 2018 ப்ரைமரில 77 ஓட்டுல ஜெயிச்சார், 2022-ல ரீகவுன்ட் முடிஞ்சு 32 ஓட்டுல. அது முழு கவுன்ட்டிக்கு! அத சொல்லுங்க அண்ணிகிட்ட. ஆனா ப்ரைமரில ஓட்டுப் போட டெமாக்ரட்னு ரிஜிஸ்டர் ஆகியிருக்கணும், நம்மாளுங்க பாதிப் பேர் எந்தக் கட்சியும் வேணாம்னு டிக் பண்ணிட்டு வந்திருப்பாங்க.

பெதஸ்டா_மாமா:

நானும் அப்படித்தானம்மா ரிஜிஸ்டர் பண்ணிருக்கேன். அப்ப ப்ரைமரில எனக்கு ஓட்டே கிடையாதா?

ராக்வில்_ராஜி:

ஸ்கூல் போர்டுக்கு மட்டும் உண்டு மாமா. கவுன்சிலுக்கு வேணும்னா டெட்லைனுக்கு முன்னாடி ஆன்லைன்லயே மாத்திக்கலாம். மாத்திட்டு வந்து அண்ணாவுக்கு எதிராவே போடுங்க, பரவால்ல.