டல்லாஸ் டூ: விஸ்கி ஆலைக்கு எதற்குக் கோயில் கூரை?

கேள்வி:
ஸ்காட்லாந்தில் ஃபாரஸ் ஊருக்குத் தெற்கே இருக்கும் டல்லாஸ் டூ என்ற பழைய விஸ்கி ஆலையின் படங்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல் சுவர், ஸ்லேட் கூரை எல்லாம் சரி, ஒரு கட்டடத்தின் உச்சியில் மட்டும் புத்தர் கோயில் மாதிரி ஒரு கூரை நிற்கிறதே, அது அழகுக்கா? இவ்வளவு நல்ல ஆலையை ஏன் மூடினார்கள்?

பதில்:
அழகுக்கு இல்லை, அது புகைபோக்கி. விஸ்கிக்கான பார்லியை ஊறவைத்துத் தரையில் பரப்பி முளைகட்டுவார்கள். முளை நீண்டு மாவுச்சத்தைத் தின்றுவிடுவதற்குள் சூளையில் காயவைத்து அதை நிறுத்தியாக வேண்டும். சூளையின் மேல்தளம் முழுக்கத் துளைகள். அடியில் நெருப்பு மூட்டினால் சூடும் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்துக் காயவைத்து எரிக்கும் மண்) புகையும் ஈரத் தானியத்துக்குள் புகுந்து ஏறி, ஆவியையும் இழுத்துக்கொண்டு கூரை உச்சி வழியாக வெளியே போகும். அந்த இழுப்புக்காகத்தான் எல்ஜின் ஊரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் சார்லஸ் டாய்க் 1889இல் டால்யூவன் ஆலைக்கு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன் சாதாரணக் கூம்பு மூடிகள்தான். டல்லாஸ் டூவை வரைந்ததும் அவரே.

பதில்:
மூடிய கதை வருத்தமானது. ஆலை கட்டிக்கொண்டிருந்தபோதே, 1898 டிசம்பரில், பாட்டிசன் என்ற பெரிய விஸ்கி நிறுவனம் நொடித்துத் தொழிலே ஆட்டம்கண்டது. அப்படியும் 1899இல் ஓடத் தொடங்கி, 1939இல் விஸ்கி காய்ச்சும் கொப்பரைக் கூடம் தீப்பிடித்த பிறகும் எழுந்து நின்ற ஆலை இது. விஸ்கியில் ஒரு சிக்கல், இன்று காய்ச்சுவதைப் பல வருடம் பீப்பாயில் வைத்துத்தான் விற்க முடியும், அதனால் கணக்கு தப்பினால் சரக்கு மலையாகக் குவிந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. உரிமையாளரான டிசிஎல் (டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட்) நிறுவனம் 1983இல் ஒரே வருடத்தில் 11 ஆலைகளை மூடியது, இதுவும் அதில் ஒன்று. 1988இல் அருங்காட்சியகமாகத் திறந்ததால்தான் உள்ளே செப்புக் கொப்பரைகள் இரண்டும் அப்படியே இருந்தன.

பதில்:
மேலே சொன்னதோடு ஒன்று: இங்கே பார்லி முளைகட்டுவதை 1968லேயே நிறுத்திவிட்டு, முளைகட்டிக் காயவைத்த மால்ட்டை வெளியிலிருந்து வாங்கினார்கள். அதாவது நீங்கள் கேட்ட கூரைக்குக் கடைசி 15 வருடம் வேலையே இல்லை. பக்கத்தில் ஓடிய ஃபாரஸ்–ஏவிமோர் ரயில் பாதையும் 1965இல் போய்விட்டது, இப்போது அது நடைபாதை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. திரும்பப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்தக் கூரையின் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் புகை போகும் இடைவெளி நன்றாகவே தெரிகிறது.