மீன் பொட்டலத்தில் நிறம் மாறும் பட்டை: நம்பலாமா?

சங்குப்பூ: மீன் கெட்டதா இல்லையா என்று காட்ட, பொட்டலத்துக்குள் ஒரு சிவப்பு முட்டைக்கோஸ் சாயப் பட்டை போதும் என்கிறேன். கடல்மீன் கெடும்போது பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைன் என்ற, கெட்ட மீன் வாடை தரும் அமைன் வாயுவை வெளிவிடும், அம்மோனியாவும் சேரும். இரண்டும் காரம் என்பதால் ஊதா நீலமாகி, பிறகு பச்சையாகும். 50 கிராம் கோஸை நறுக்கி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 70 டிகிரி தாண்டாமல் 20 நிமிடம் சூடாக்கி வடிகட்டுங்கள். வடிதாளை அதில் நனைத்து இருட்டில் உலர்த்துங்கள்.

ஐஸ்பெட்டி: எந்த மீனுக்கு? கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீனில் டிரைமெத்திலமைனுக்கு மூலமான ஆக்சைடு மிகக் குறைவு. சுறா, திருக்கை நேர்மாறு: தசையிலுள்ள யூரியாவால் அம்மோனியா சீக்கிரமே வந்துவிடும். இந்த முறையில் பெரிய ஓட்டை என்றால், சூரையும் கானாங்கெளுத்தியும்தான். வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். அது ஆவியாகாது, சமைத்தாலும் போகாது. பட்டை ஊதாவாகவே நிற்க, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பு வரும்.

சங்குப்பூ: ஹிஸ்டமினுக்கு இது உதவாது, சரி. கட்லாவிலும் அம்மோனியா வரத்தான் செய்யும். மீனுக்கு மீன் தனி நிற அட்டை வைத்தால் தீர்ந்தது.

படலம்: அட்டையை விடுங்கள், பட்டையே முதலில் ஒழுங்காக வேலை செய்யணுமே! இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து வார்த்த படலம் என்றால், மிச்சமிருக்கும் அமிலத்தை அமைன் முதலில் தீர்த்தாக வேண்டும். அதுவரை நிறம் நகராது. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய பொட்டலத்திலும் இதே தாமதம். காரத்தன்மையுள்ள கிணற்று நீரில் சாயம் எடுத்தால் தொடக்கமே நீலம். மீனைத் தொட்டால் சாயம் கசியும். மூடியின் உட்பக்கம், வாயு மட்டும் புகும் சவ்வுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

ஐஸ்பெட்டி: ஃபார்மலின் தெளித்த மீனை மறந்துவிட்டோம். பாக்டீரியா செத்துவிடும், அமைன் வராது, பட்டை 'புதுசு' என்று சான்றிதழே கொடுக்கும்! வெப்ப லேபிளே மேல். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் 1996 முதல் இருக்கிறதே: பட்ட வெப்பமெல்லாம் சேரச்சேர உள்சதுரம் கறுக்கும், வெளிவட்டத்தின் நிறத்தை எட்டினால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சங்குப்பூ: லேபிளுக்கு ஒட்டிய நேரத்திலிருந்துதான் கணக்கு. படகில் ஐஸ் இல்லாமல் கிடந்த நேரம் அதற்குத் தெரியாதே.

படலம்: அப்படியானால் படகிலேயே, ஐஸ் போடும்போது பெட்டிக்கு ஒன்று ஒட்டலாம். ஆனால் அதுவரை லேபிள்கள் உறைகுளிரில் இருக்கணும். கேபினில் வெளியே வைத்தால் மீன் ஏறுமுன்பே கறுத்துப்போகும்.