ஸ்கைலர் வந்தாலே ஏன் இத்தனை எரிச்சல்? (பிரேக்கிங் பேட், முழு ஸ்பாய்லர்)

விளம்பர இடைவேளை:
புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் வால்டர் மெத் என்ற போதைப்பொருள் காய்ச்ச இறங்கும் அமெரிக்க சீரியல் பிரேக்கிங் பேட். அதன் 62 எபிசோடும் பார்த்து முடித்தாயிற்று. அதனால் ஸ்பாய்லர் பயமில்லாமல் எழுதுங்கள். எனக்கு அதில் ஒரே குறை வால்டரின் மனைவி ஸ்கைலர்தான். வால்டரும் அவன் கூட்டாளி ஜெஸ்ஸியும் எங்கேயாவது வசமாக மாட்டிக்கொண்டு கதை சூடு பிடிக்கும் நேரத்தில் காட்சி வீட்டுக்குப் போய்விடும். அங்கே இந்த அம்மா "எங்கே போனாய், யாரோடு பேசினாய்" என்று ஆரம்பிப்பார். மூன்றாம் சீசனில் முதலாளி டெட்டோடு அவருக்குக் கள்ள உறவு என்ற விவகாரம் வந்தபோது ஃபார்வர்ட் பட்டனை அழுத்திவிட்டேன். நடிப்பைக் குறை சொல்லவில்லை. அன்னா கன் இந்த வேடத்துக்கு 2013, 2014 இரண்டு வருடமும் எம்மி விருது வாங்கியவர். எழுதியவர்கள் சொதப்பிவிட்டார்களா, இல்லை எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

பழைய ஆன்டெனா:
உங்களுக்கு மட்டும் இல்லை. இந்த வெறுப்பு எந்த அளவுக்குப் போனது என்றால், 2013 ஆகஸ்டில் அன்னா கன்னே நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மேல் இருந்த கோபம் நடிகை மேலேயே திரும்பிவிட்டது.

இரவுப்பறவை:
நீங்கள் ஓட்டிவிட்ட அந்த எபிசோடை ஒரு தடவை ஓட்டாமல் பாருங்கள். மூன்றாம் சீசன், மூன்றாவது எபிசோட். டெட்டை விடுங்கள், அது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு போலீஸ் காட்சி இருக்கிறது.

வராதே என்று சொல்லியும் வால்டர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறான். ஸ்கைலர் போலீஸைக் கூப்பிடுகிறாள். வந்தவர் நிதானமான மனிதர். சும்மா இருக்கும் கணவனை அவன் வீட்டிலிருந்தே வெளியே அனுப்ப எங்களால் முடியாது, அவர் சட்டத்துக்கு விரோதமாக ஏதாவது செய்திருந்தால் சொல்லுங்கள் என்கிறார். கதவு திறந்தே இருக்கிறது. "மெத் காய்ச்சுகிறான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். பக்கத்தில் மகன் அப்பாவுக்குப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறான். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் அன்னா கன்னின் முகத்தை மட்டும் பாருங்கள். சொல்ல வந்தது தொண்டை வரை வந்து திரும்பிப் போவது தெரியும்.

அந்தப் பையனுக்கு அப்பா என்ன செய்கிறார் என்று தெரியாது. அம்மா மேல் அவன் எரிந்து விழுவதில் நியாயம் இருக்கிறது. நமக்கு என்ன நியாயம்? போதைப்பொருள் வியாபாரி க்ரேஸி எய்ட்டை வால்டர் சைக்கிள் பூட்டால் இறுக்கிக் கொன்றதையும், ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் பார்த்துவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறோம்? அப்படியும் மகன் பக்கம்தான் சாய்கிறோம். முதல் எபிசோடிலிருந்து கேமரா வால்டரோடு போவதால் அவன் பொய் பிடிபட்டுவிடுமோ என்ற பதற்றம் நம்முடையதாகிவிடுகிறது. குறுக்கே கேள்வி கேட்பவர்கள் எல்லாம் எதிரி. ஸ்கைலரின் தங்கை கணவன், போதைத் தடுப்பு அதிகாரி ஹேங்க்கும் துருவித் துருவித்தான் கேட்கிறான். அவன் இடுப்பில் துப்பாக்கி இருப்பதால் அதற்குப் பெயர் விசாரணை. ஸ்கைலர் சமையலறையில் நின்று கேட்டால் நச்சரிப்பு.

அவளைச் சப்பையாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் ஏற்க முடியவில்லை. முதல் சீசன் கடைசி எபிசோடில் நகைக்கடைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? தங்கை மேரி கொடுத்த தலைக்கிரீடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அது திருட்டுப் பொருள். கடைக்காரர்கள் பிடித்து உட்கார வைத்துவிடுகிறார்கள். பிரசவ வலி வந்த மாதிரி நடித்து நழுவி வெளியே வந்துவிடுகிறாள். வால்டர் இன்னும் ஒழுங்காகப் பொய் சொல்லவே பழகாத காலம் அது.

செகண்ட் ஷோ:
பழியைத் தூக்கிக் கேமரா மேல் போட்டுவிட்டீர்கள், நண்பா. நகைக்கடை நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நாலாவது சீசனில் டெட்டின் வரிப் பாக்கிக்காக ஆறு லட்சம் டாலருக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறாள். போதைத்தொழில் முதலாளி கஸ்ஸிடமிருந்து குடும்பத்தோடு தப்பிக்கப் பணம் தேவைப்படும் நேரத்தில் வால்டர் தரைக்கடியில் தேடிப் பார்த்தால் போதுமான காசு இல்லை. அங்கே படுத்தபடி அவன் சிரிக்கிற சிரிப்பு யார் போட்ட வினை? அப்புறம், அவளைப் பாவப்பட்டவளாகவே பார்த்தால் அந்த சீசனில் பாதி வீணாகிவிடும். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்க அவர்கள் வாங்க நினைத்த கார் வாஷை விற்க மறுத்த போக்டனை மடக்க, சுற்றுச்சூழல் அதிகாரி வேஷத்தில் கூபி என்ற கையாளை அனுப்பி, காதில் மாட்டிய கருவி வழியாக வரிக்கு வரி சொல்லிக் கொடுப்பது ஸ்கைலர்தான். எனக்குப் பிடித்த ஸ்கைலர் அவள்தான். கூட்டாளி ஸ்கைலர்.

இரவுப்பறவை:
கூட்டாளி ஸ்கைலர் எனக்கும் பிடிக்கும். பணம் எப்படி வந்தது என்று ஹேங்க், மேரியிடம் சொல்ல வேண்டிய சூதாட்டக் கதையை எழுதி வைத்துக்கொண்டு வால்டரை ஒத்திகை பார்க்க வைப்பாளே, அங்கே அவளே டைரக்டர் மாதிரி இருப்பாள்.

டெட் விஷயத்தில் ஒன்று விட்டுவிட்டீர்கள். டெட் கம்பெனியின் கணக்குகளில் அவள் கை இருக்கிறது. வரித்துறை அவனைப் பிடித்தால் அடுத்து அவளிடம் வரும், அங்கிருந்து கார் வாஷ் எத்தனை தூரம்? கொடுத்ததில் கணக்கு இருந்தது. வால்டரிடம் சொல்லாமல் கொடுத்ததுதான் வினை. சொல்லாமல் செய்யும் பழக்கத்தை அந்த வீட்டில் யார் ஆரம்பித்து வைத்தது?

என்னைக் கேட்டால் ஐந்தாம் சீசன் நாலாவது எபிசோட்தான் அவளுடைய உச்சம். வால்டரின் 51வது பிறந்தநாள். பேசிக்கொண்டே இருக்கும்போது எழுந்து போய், உடுத்திய துணியோடு நீச்சல் குளத்தில் இறங்கிவிடுகிறாள். பிறகு படுக்கையறையில் சண்டை. பிள்ளைகளை வெளியே அனுப்ப அவள் சொல்லும் ஒவ்வொரு வழியையும் வால்டர் அடைத்துக்கொண்டே வருகிறான். கடைசியில், காத்திருக்கப் போகிறேன் என்கிறாள். எதற்கு என்று கேட்டால், உன் புற்றுநோய் திரும்பி வருவதற்கு என்கிறாள். கத்தவில்லை. வால்டருக்கு அதற்குப் பதில் இல்லை.

விளம்பர இடைவேளை:
சரி, போலீஸ் காட்சியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. டெட்டை இன்னும் சகிக்க முடியவில்லை, அதில் மாற்றம் இல்லை. ஒரு சந்தேகம்: ஓஸிமாண்டியாஸ் எபிசோடில் வால்டர் போனில் அவளைக் கண்டபடி திட்டுகிறானே, அது நிஜமா நடிப்பா?

இரவுப்பறவை:
போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துதான் பேசுகிறான். குற்றம் எல்லாம் தன்னுடையது, அவளுக்குச் சம்பந்தமே இல்லை என்று பதிவாக வேண்டும், அதற்கான நடிப்பு. பேசும்போது அவன் அழுவதைக் கவனியுங்கள். ஆனால் அந்த வசவுகளை அவன் அந்த நிமிஷத்தில் யோசித்துக் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நன்றி கெட்டவள், எப்போதும் புலம்பல், சொன்னதைக் கேட்டதே இல்லை. ரசிகர்கள் ஸ்கைலரைப் பற்றி எழுதியதையே எடுத்து அவன் வாயில் வைத்த மாதிரி இருக்கும்.

செகண்ட் ஷோ:
அதில் ஒன்றிரண்டு நான் எழுதியதாகக்கூட இருக்கலாம். டெட் விஷயத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.