காலம் ஓட்டிய கதை

கெமிஸ்ட்ரியில் பிஎச்டி செய்தவர்களுக்கு 'காலம்' (column) என்றால் நேரம் இல்லை. நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிகா ஜெல்லை நிரப்பி, மேலே நம் சாம்பிளை ஏற்றி, ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் ஊற்றி ஊற்றிப் பிரித்தெடுப்பது. பாதியில் விட்டுப் போக முடியாது. கரைப்பான் மட்டம் இறங்கினால் சிலிகா காய்ந்து விரிசல் விடும், இரண்டு வார உழைப்பு போச்சு.

நான் இருந்த பெண்கள் விடுதியில் கேட் இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் லேபில் இருக்க கைடு, துறைத்தலைவர், வார்டன் மூவரின் கையெழுத்தோடு கடிதம் வேண்டும், அதுவும் மாலை 4 மணிக்குள். ரியாக்‌ஷன் எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது, வார்டனுக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் இரவு எட்டரைக்குத்தான் எனக்கு வேண்டிய ஸ்பாட் டிஎல்சியில் (எந்தப் பொருள் பிரிந்து வந்திருக்கிறது என்று புள்ளியாகக் காட்டும் சின்னத் தகடு) தலைகாட்டியது. ஜூனியரிடம், "தம்பி, மட்டம் இறங்காம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினேன். காலையில் வந்து பார்த்தால், காலத்தில் இருந்து வடிந்ததைப் பிடித்து வைத்த 40 டெஸ்ட் ட்யூப், எது முதலில் வந்தது என்று சொல்ல ஒன்றிலும் நம்பர் இல்லை. அவனைத் திட்ட மனம் வரவில்லை, அவனுக்கும் அவன் வேலை இருந்ததே. நாற்பதுக்கும் மறுபடி டிஎல்சி போட்டேன்.

பையன்கள் லேபிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அது கூடப் பரவாயில்லை. "அந்தப் பொண்ணு சீக்கிரம் கிளம்பிடும்" என்று நீளமான வேலைகளை என்னிடம் கொடுக்காமலே விட்டார்களே, அதுதான் வலித்தது.

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்த உயிர்வேதியியலாளர் கமலா பாகவத்தை, பெண் என்பதால் சி.வி. ராமன் முதலில் மறுத்தார். பிறகு போட்ட நிபந்தனைகளில் ஒன்று, வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை பார்க்க வேண்டும் என்பது. அதே ராமனின் ஆய்வகத்தில் இயற்பியலாளர் அன்னா மணி வைரங்களின் நிறமாலையை எடுக்க ஒரு புகைப்படத் தட்டுக்கு 15 முதல் 20 மணி நேரம் காத்திருந்தார், பல இரவுகள் அங்கேயே. படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. அவர்களை ராத்திரியிலும் இரு என்றார்கள், என்னை இருக்காதே என்றார்கள்.

கடைசி இரண்டு வருடம் விடிகாலை ஐந்தரைக்கே காலம் போட்டேன். விடுதிக் கேட் 5 மணிக்குத் திறக்கும், அதற்குக் கடிதம் எதுவும் தேவையில்லை. லேப் சாவியோடு வரும் வாட்ச்மேன் அண்ணன், "என்னம்மா, மார்கழி பஜனைக்கா கிளம்பிட்டீங்க?" என்பார்.